எக்ஸ்ரேயில் தெரியாத வலி

(விபத்துக்குப் பிந்திய வாழ்க்கை பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் என்னுடைய இடம் எப்போதும் ஓரத்து நாற்காலிதான். கையில் குறிப்பு அட்டையை வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கேள்வி கேட்பது என் வேலை. இன்று முதல் தடவையாகப் பேச்சாளர் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். விபத்துக்குப் பிந்திய வாழ்க்கை பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தப் போகிறோம், அனுபவம் உள்ளவர்கள் வேண்டும் என்று தயாரிப்பாளர் சொன்னபோது, "வெளியே தேட வேண்டாம் சார், நானே பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே தயக்கம் வந்துவிட்டது.

ஏன் தயக்கம்? எனக்கு முன்னால் பேசியவர் காலை இழந்தவர். அவருக்கு அடுத்துப் பேசியவர் மூன்று மாதம் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர். எனக்கோ உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு தையல் இல்லை. "உனக்கு என்னம்மா வந்தது?" என்று நீங்கள் கேட்டால், "கழுத்து வலியும் தலைவலியும்" என்றுதான் சொல்ல முடியும். இதைப் போய் ஒரு மேடையில் பேசுவதா என்று நானே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. இந்த நினைப்பைத்தான் நான் இரண்டு வருடமாகச் சுமந்து வந்திருக்கிறேன், இதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழியை நான் ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது எனக்காகச் சொல்லப்பட்டது என்று அப்போது தெரியாது.

மழை பெய்த ஒரு மாலை

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மாலை ஐந்தரை மணி. வீட்டிலிருந்து ஒளிப்பதிவுக்காக நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல மழை. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலமைத் தாண்டியதும் வழக்கமான நெரிசல். என் கார் முழுதாக நின்றுவிட்டது. கண்ணாடித் துடைப்பான் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு, அன்றைய விருந்தினரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து ஒரு வேன் வந்து இடித்தது.

பெரிய சத்தம் கூட இல்லை. டொம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இருக்கை வார் போட்டிருந்தேன். காற்றுப் பை விரியவில்லை. கார் ஓரடி முன்னால் நகர்ந்தது. இறங்கிப் பார்த்தால் பின் பம்பர் உள்ளே போயிருந்தது. வேனை ஓட்டிய தம்பிக்கு இருபது வயதுதான் இருக்கும். மழையில் நனைந்துகொண்டே, "அக்கா, சாரி அக்கா. போலீஸ் வேணாம் அக்கா, இங்கேயே செட்டில் பண்ணிக்கலாம்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. எனக்கும் ஒளிப்பதிவுக்கு நேரமாகிவிட்டது. அவர் கொடுத்த 500 வெள்ளியை வாங்கிக்கொண்டு, தொலைபேசி எண்ணையும் வேனின் எண்ணையும் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்று இரவு நிகழ்ச்சியைச் சிரித்த முகத்தோடு நடத்தி முடித்தேன். வலியே இல்லை.

மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் என் தலையை நானே பிடித்துத் தூக்கி உட்கார வேண்டியதாயிற்று. கழுத்தைத் திருப்பினால் தோள் வரை இழுத்தது. பின் மண்டையில் தொடங்கிய வலி வலது கண்ணுக்குப் பின்னால் வந்து நின்றது.

கிளினிக்கில் காட்டினேன். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றும் இல்லை" என்றார்கள். இரண்டு நாள் எம்.சி., வலி மாத்திரை, கழுத்துக்கு ஒரு பட்டை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"ஒன்றும் இல்லை." இந்த இரண்டு சொற்கள் என்னை எவ்வளவு தூரம் துரத்தின என்பதைச் சொல்கிறேன்.

கழுத்துக்குள் என்னதான் நடக்கிறது?

மருத்துவர்கள் இதற்கு விப்லாஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாட்டை வீச்சு என்று அர்த்தம். நம் தலையின் எடை நான்கரை முதல் ஐந்து கிலோ இருக்கும். ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு மெல்லிய கம்பின் நுனியில் நிறுத்தி வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பின்னால் இருந்து வாகனம் இடிக்கும்போது இருக்கை நம் முதுகை முன்னால் தள்ளுகிறது. உடம்பு முன்னால் போகிறது, தலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னோக்கியும் மேற்பகுதி முன்னோக்கியும் வளைந்து, ஆங்கில எஸ் எழுத்தைப் போல் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் தலை பின்னால் போய், மறுபடியும் முன்னால் வருகிறது. தசைகள் விழித்துக்கொண்டு இறுகுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இதில் எலும்பு முறிவதில்லை. தசைகளும், எலும்புகளை இணைக்கும் நார்களும், கழுத்து எலும்புகளின் பின்புறம் உள்ள சின்னச் சின்ன மூட்டுகளும் அடிபடுகின்றன. எக்ஸ்ரே என்பது எலும்பைப் பார்க்கும் கருவி. இந்தக் காயங்கள் அதில் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் பல பேருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே, "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்றால் முறிவு இல்லை என்று அர்த்தம். அது நல்ல செய்தி. வலி இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. இதை எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் என் வாழ்க்கையில் பாதிக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

அடிபட்டது கழுத்து, தலை ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கழுத்தின் மேல் பகுதியில் உள்ள மூன்று நரம்புகளும், நெற்றி, கண், முகம் ஆகியவற்றின் உணர்வைக் கொண்டுவரும் நரம்பும் மூளைத்தண்டுக்கு அருகில் ஒரே சந்திப்பில் வந்து சேர்கின்றன. அங்கே ஏற்படும் குழப்பத்தில், கழுத்தில் எழும் வலியை மூளை கண்ணுக்குப் பின்னால் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. தலைவலிகளை வகைப்படுத்தும் அனைத்துலக மருத்துவப் பட்டியலில் இதற்குத் தனி இடமே இருக்கிறது. விபத்து நடந்த 7 நாட்களுக்குள் தொடங்கி, 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நீடித்த தலைவலி. அந்தப் பட்டியலைப் பார்த்த அன்று, என் வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விப்லாஷ் வந்தவர்களில் நிறைய பேர் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுகிறார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்தும் கழுத்தில் ஏதோ ஓர் அளவு வலி இருப்பதாகச் சொல்பவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த நிபுணர்கள் சொல்கிறார்கள். நீங்கள் மட்டும் தனியாக இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

திரையில் சிரிக்கும் அம்மா

கால் உடைந்தவருக்கு மாவுக்கட்டு போடுகிறார்கள். பார்ப்பவர்கள் கதவைத் திறந்து விடுகிறார்கள், பையை வாங்கிக்கொள்கிறார்கள். கழுத்து வலிக்காரருக்கு எந்த அடையாளமும் கிடையாது.

முதல் மாதம் எல்லாரும் அன்பாக விசாரித்தார்கள். மூன்றாவது மாதம் விசாரிப்பு நின்றது. ஆறாவது மாதம் சந்தேகம் வந்தது. "டாக்டர்தான் ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாரே, அப்புறம் என்னம்மா? எல்லாம் மனசுலதான்" என்றார் என் அம்மா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மகளுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்ற ஆசையில் சொன்னார். அதிகாலை ஒளிப்பதிவைத் தட்டிக் கழிக்கத்தான் நான் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறேன் என்று வேலையிடத்தில் பேச்சு எழுந்தது. நேற்று சிரித்துப் பேசினாளே, இன்று எப்படி வலிக்கும்? நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். இந்த வலி ஒரு நாளைப் போல் மறுநாள் இருக்காது என்பது பட்டவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. ஒருவேளை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ?

அப்போது என் மகளுக்கு ஏழு வயது. ஒரு நாள் இரவு நிகழ்ச்சியின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் சோபாவில் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அவள் திரையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "அம்மா, டிவியில வர்ற அம்மா மட்டும் ஏன் சிரிக்கிறாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் இருந்த சிரிப்பையெல்லாம் மாத்திரை போட்டு விளக்கு வெளிச்சத்தில் செலவழித்துவிட்டு, வீட்டுக்கு வலியை மட்டும் கொண்டு வந்துகொண்டிருந்தேன். மறுநாள்தான் முறையாக வைத்தியம் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

நான் செய்த மூன்று தவறுகள்

முறையாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதுவரை நான் செய்ததெல்லாம் முறையில்லாத வைத்தியம். மூன்று தவறுகளைச் சொல்கிறேன். நீங்கள் செய்யாமல் இருக்க வேண்டும்.

முதல் தவறு, அசையாமல் இருந்தது. கழுத்துப் பட்டையை வாரக்கணக்கில் கழற்றவே இல்லை. அசைத்தால் இன்னும் கெட்டுவிடும் என்ற பயம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒரு நிபுணர் குழு 1995ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து, எலும்பு முறிவு இல்லாத கழுத்துக் காயத்துக்கு நீண்ட ஓய்வும் பட்டையும் நல்லதல்ல, கூடிய விரைவில் வழக்கமான அசைவுக்குத் திரும்புவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டது. அசையாத தசை பலவீனமாகும். பலவீனமான தசை ஐந்து கிலோ தலையைத் தாங்க முடியாமல் இன்னும் வலிக்கும்.

இரண்டாவது தவறு, கண்ட கையில் கழுத்தைக் கொடுத்தது. நம் ஊரில் சுளுக்கு எடுப்பவருக்குப் பஞ்சமா? எண்ணெய் போட்டு மென்மையாக நீவி விடுவதில், கோடாலித் தைலம் தேய்ப்பதில், சூடான துணி ஒற்றடம் கொடுப்பதில் தவறில்லை. கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். ஆனால் ஒருவர் என் தலையைப் பிடித்து, "மூச்சை விடும்மா" என்று சொல்லி, சடக் என்று திருப்பினார். அன்று இரவு வாந்தியும் தலைச்சுற்றலும் வந்து பயந்துபோனேன். கழுத்துக்குள் மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்கள் ஓடுகின்றன. வேகமாக முறுக்கித் திருப்பினால் அரிதாக அவை கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். விபத்தில் அடிபட்ட கழுத்தை யாரும் சொடுக்கி எடுக்க விடாதீர்கள்.

மூன்றாவதுதான் பெரிய தவறு. மாத்திரை. காலையில் இரண்டு, ஒளிப்பதிவுக்கு முன் இரண்டு, தூங்கும் முன் இரண்டு. சாதாரண பாராசிட்டமால்தானே, மளிகைக் கடையில் கூடக் கிடைக்கிறதே என்ற அலட்சியம். ஒரு பெண் மருத்துவர் என்னிடம் ஒரு நாள்காட்டியைக் கொடுத்து, மாத்திரை போட்ட நாட்களை மட்டும் வட்டமிட்டு வரச் சொன்னார். மாத முடிவில் எண்ணினால் 22 வட்டங்கள். அவர் அமைதியாகச் சொன்னார்: "உங்களுக்கு இப்போது இரண்டு தலைவலி இருக்கிறது. ஒன்று விபத்து கொடுத்தது. இன்னொன்று மாத்திரை கொடுத்தது."

இது உண்மை. ஏற்கெனவே தலைவலி உள்ளவர்கள் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். பல மருந்து கலந்த மாத்திரைகளுக்கு 10 நாளே போதும். விட்டால் வலிக்கும், வலித்தால் போடத் தோன்றும். இது ஒரு சுழல். மருத்துவரின் கண்காணிப்பில் அதை நிறுத்தினேன். முதல் ஒரு வாரம் நரகம். வலி கூடியது. அது கூடும், பிறகு இறங்கும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்க முடிந்தது. இரவில் மட்டும் குறைந்த அளவில் ஒரு தடுப்பு மருந்து கொடுத்தார். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது தலைக்குள் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் மறந்தே போயிருந்தேன்.

பெலான் பெலான்

அரசாங்க மருத்துவமனையில் எனக்குப் பிசியோதெரபி கொடுத்தவர் ஒரு மலாய்ச் சகோதரி. நான் அவசரக்காரி. பத்துத் தடவை செய் என்றால் முப்பது தடவை செய்துவிட்டு மறுநாள் அழுதுகொண்டு போவேன். அவர் சிரித்துக்கொண்டே, "பெலான் பெலான், கக்" என்பார். மெல்ல மெல்ல, அக்கா. எனக்குக் கிடைத்த மருந்துகளிலேயே சிறந்த மருந்து அந்த இரண்டு சொற்கள்தான்.

அவர் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதவை போல் இருக்கும். மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்று மெல்லத் தலையாட்டுவது போல் தாடையை உள்ளே இழுத்துப் பத்து விநாடி வைத்திருப்பது. இது கழுத்தின் முன்புறம் ஆழத்தில் இருக்கும் சின்னத் தசைகளை எழுப்புகிறது. விபத்துக்குப் பிறகு அவைதான் தூங்கிவிடுகின்றன. அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும் மேல் தசைகள் இறுகிப்போய் வலிக்கின்றன. அடுத்தது, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றை ஒன்று தொடுவது போல் இழுப்பது. பிறகு கழுத்தை இடமும் வலமும் மெதுவாக, வலி தொடங்கும் எல்லை வரை திருப்புவது. எல்லாம் சேர்த்து ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் ஆகாது. ஆனால் தினமும் செய்ய வேண்டும். உங்கள் கழுத்துக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதித்தவர் சொல்லட்டும். நான் மருத்துவர் அல்ல.

இதற்காகப் பல ஆயிரம் வெள்ளி கொடுத்து இயந்திர சிகிச்சைத் தொகுப்பு வாங்க வேண்டுமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2014ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். நீடித்த விப்லாஷ் வலி உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு 20 தடவை விரிவான பயிற்சி சிகிச்சை கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஒரே ஒரு தடவை உட்கார வைத்து விளக்கி, பயிற்சியைச் சொல்லிக் கொடுத்து, தேவைப்பட்டால் தொலைபேசியில் கேட்கலாம் என்றார்கள். வலி குறைவதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தன் வலியைப் புரிந்துகொள்வதும், தானே அசையத் தொடங்குவதும் விலை உயர்ந்த சிகிச்சைக்குச் சமமாக நிற்க முடியும் என்றுதான் நான் இதை எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு பாடம் தீபாவளிக்கு முறுக்குச் சுட்டபோது கிடைத்தது. 2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் வலி குறைவாக இருந்தது. அந்த உற்சாகத்தில் ஒரே மூச்சில் உட்கார்ந்து நான்கு டின் முறுக்குப் பிழிந்தேன். பிறகு நான்கு நாள் படுக்கை. நல்ல நாளில் அள்ளிச் செய்வது, கெட்ட நாளில் ஒன்றுமே செய்யாமல் படுத்துக்கொள்வது. நீடித்த வலி உள்ளவர்கள் எல்லாரும் விழும் குழி இது. அடுத்த வருடம் சமையலறைக் கடிகாரத்தில் 20 நிமிடம் வைத்துக்கொண்டேன். மணி அடித்தால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுந்துவிடுவேன். முறுக்குச் சுட மூன்று நாள் ஆனது. ஆனால் தீபாவளி அன்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

வேலையிடத்திலும் ஒரு மாற்றம். முன்பு இந்த அரங்கில் விருந்தினர்கள் ஒரே வரிசையில் உட்காருவார்கள். நான் ஓரத்திலிருந்து 45 நிமிடமும் கழுத்தை ஒரே பக்கம் திருப்பிக்கொண்டே பேசுவேன். இப்போது நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருக்கிறோம். அரங்க அமைப்பை ஏன் மாற்றினீர்கள் என்று சில நேயர்கள் கேட்டிருந்தீர்கள். இதுதான் காரணம். வெட்கத்தை விட்டு ஒரு தடவை கேட்டேன், பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் நான் ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை. நீங்கள் கணினி முன் வேலை செய்பவராக இருந்தால் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். கைத்தொலைபேசியை மடியில் வைத்துக் குனிந்து பார்க்காமல், முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இவை.

மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விபத்துக்குப் பிறகு பின்பார்வைக் கண்ணாடியில் ஒரு வேனோ லாரியோ தெரிந்தாலே என் தோள்கள் காது வரை ஏறிவிடும். வீடு போய்ச் சேர்வதற்குள் தலைவலி தயார். "எல்லாம் மனசுலதான்" என்று அம்மா சொன்னது தவறு. ஆனால் மனத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் பிடிவாதம் பிடித்ததும் தவறு. விபத்தின் அதிர்ச்சி மனத்தில் தங்கிவிட்டவர்களுக்குக் கழுத்து தேறுவதும் தாமதமாகிறது. மனநல ஆலோசகரிடம் போனேன். நெரிசல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சந்திப்பு வரை ஓட்டுவது, அடுத்த வாரம் இரண்டு சந்திப்பு என்று தொடங்கினேன். இதுவும் பெலான் பெலான்தான்.

கவனமும் உரிமையும்

சில அறிகுறிகள் இருந்தால் என் கதையையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கையிலோ காலிலோ மரத்துப்போதல், பலம் குறைதல், நடையில் தடுமாற்றம், பேச்சுக் குழறுதல், இரட்டையாகத் தெரிதல், நிற்காத வாந்தி, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமை, திடீரென்று தாங்க முடியாத தலைவலி. 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சின்ன மோதல் என்றாலும் கழுத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

அடுத்தது சட்டம். சாலையோரத்தில் செட்டில் செய்தது என் அவசரம். நம் நாட்டில் விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். மறுநாள் ஒரு சக ஊழியர் ஞாபகப்படுத்தியதால் நேரம் முடிவதற்குள் ஓடிப்போய்ப் புகார் செய்தேன். அந்த ஒரு தாள்தான் பிறகு எல்லாவற்றுக்கும் ஆதாரமாக நின்றது. கழுத்து வலி மறுநாள்கூடத் தொடங்கலாம் என்பதால், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள். வலி தொடங்கியதும் மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலோ நடந்த விபத்தென்றால் சொக்சோ பாதுகாப்பு உண்டு. இது இன்னும் பல தொழிலாளர்களுக்குத் தெரியவில்லை. போலீஸ் புகார், எம்.சி., வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு நீங்கள் சென்ற வழியின் வரைபடம் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். வேலை செய்ய முடியாது என்று மருத்துவர் 4 நாட்களுக்குக் குறையாமல் சான்றளித்தால் தற்காலிக முடக்க உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம். சராசரி அன்றாடச் சம்பளத்தில் 80 விழுக்காடு அது. முதலாளி சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே கேளுங்கள்.

கடைசியாக

இன்று எனக்கு வலி முழுவதும் போய்விட்டதா? இல்லை. மாதத்தில் நான்கைந்து நாள் வரும். வந்தால் அதன் குணம் எனக்குத் தெரியும், அதற்கு என் குணம் தெரியும். மாத்திரை போட்ட நாட்களை இன்றும் வட்டமிடுகிறேன். போன மாதம் மூன்று வட்டங்கள்.

வலியோடு இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் வலி உண்மை. அதை யாருக்கும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அது போகும் வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கு முடிந்த அளவு அசையுங்கள்.

வலியோடு இருப்பவர்களின் வீட்டாருக்கும் ஒன்று. "இன்னுமா வலிக்குது?" என்று கேட்காதீர்கள். அந்த "இன்னுமா" குத்துகிறது. என் அம்மா இப்போது வேறு மாதிரி கேட்கிறார். "இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?" என்கிறார். அவ்வளவுதான், எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது.

உங்கள் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். இன்று காரில் ஏறியதும் இருக்கையின் மேல் இருக்கும் தலைத்தாங்கியைக் கையால் தொட்டுப் பாருங்கள். சாய்ந்து தூங்குவதற்காக அதை வைக்கவில்லை. பின்னால் ஒரு வாகனம் இடித்தால் கழுத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலையின் உயரத்துக்கு இருக்க வேண்டும். தலைக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. என் கார் வாங்கியபோது அதைக் கீழே அமுக்கி வைத்திருந்தார்கள். நான் ஒரு நாளும் அதைத் தூக்கவில்லை. இழுத்து மேலே வைக்க ஐந்து விநாடி ஆகும். அந்த ஐந்து விநாடியை நான் செலவழிக்காமல் விட்டதற்கு இத்தனை வருடம் கணக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கொடுக்க வேண்டாம்.